மூன்றாவது சீடி

பதின்மூன்று வயது வரைக்கும் தமிழ்ப் படங்கள் எல்லாம் ஒரே மாதிரித்தான் முடியும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். வில்லனைப் பிடித்துப் பொலிசில் கொடுப்பார்கள். கதாநாயகியின் தகப்பன் மனம் மாறுவார். பிறகு எல்லோரும் வரிசையாக நின்று சிரிப்பார்கள். இந்த முடிவை நான் திரையில் கண்டதே இல்லை. அப்பா சொன்னார், நான் நம்பினேன். சொன்ன இடம் எப்போதும் பஸ்.

படம் பார்ப்பதென்றால் எங்களுக்குக் கல்முனை. கிழக்கிலங்கையில் எங்கள் ஊரான தம்பிலுவிலில் பஸ் ஏறினால் அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, பாலமுனை, ஒலுவில், நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது என்று ஊர் ஊராக நின்று, ஊருக்கு ஒரு மூட்டை ஏற்றி, இரண்டரை மணிக் காட்சிக்கு மூச்சிரைக்கக் கொண்டுபோய் விடும். திரும்பி வருவதுதான் பாடு. பொத்துவில் பக்கம் போகிற கடைசி பஸ் கல்முனையிலிருந்து வெளிக்கிடும் நேரமும், கதாநாயகன் சட்டை கிழிந்து கடைசிச் சண்டைக்கு இறங்கும் நேரமும் ஒன்றாகவே இருந்தன. அப்பா கடையொன்றில் கணக்கெழுதுகிறவர். காசையும் நேரத்தையும் வைத்து அவரை ஏமாற்ற முடியாது. தியேட்டரில் ஓ.டி.சி. வகுப்பு வாங்கில் இருந்தபடி கைக்கடிகாரத்தைத் திரை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்ப்பார்.

"எழும்பு மனே."

அதோடு படம் முடிந்தது. சாய்ந்தமருது தாண்டுவதற்குள் நான் கேட்பேன், "மறுகா என்ன நடந்த அப்பா?" அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "வில்லனைப் பிடிச்சுப் பொலிசில குடுத்தாங்க" என்பார். அவரும் என்னோடுதானே எழும்பி வந்தவர், அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்க எனக்குத் தோன்றியதில்லை. வீட்டில் அம்மா கேட்பா. நான் அதே வசனத்தை அதே முகத்தோடு சொல்லுவேன். அம்மாவும் நம்பினாவா, அல்லது எங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்தாவா என்பது இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்.

இந்த வழக்கத்தால் எனக்கு ஒரு பெரிய நன்மை நடந்ததை நாற்பது வருடம் கழித்துத்தான் உணர்ந்தேன். எம்.ஜி.ஆரின் 'உலகம் சுற்றும் வாலிபன்' 1973இல் வந்த படம். எங்கள் பக்கம் மறுபடி மறுபடி ஓட்டினார்கள். நான் பார்த்தது அப்படியொரு ஓட்டத்தில். முடிவில் அடுத்த தயாரிப்பு 'கிழக்கு ஆப்பிரிக்காவில் ராஜு' என்று ஓர் அறிவிப்பு வரும். எங்கள் தலைமுறையில் கடைசிவரை இருந்து பார்த்த பாக்கியசாலிகள் எல்லோரும் அந்த ராஜுவுக்காகக் காத்திருக்கத் தொடங்கினார்கள். 1977இல் எம்.ஜி.ஆர். முதலமைச்சராகிக் கோட்டைக்குப் போனார். ராஜு ஆப்பிரிக்காவுக்குப் போகவே இல்லை. எங்கள் ஊரில் ஒரு மாமா சாகும்வரை அதைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் தப்பினேன். அந்த அறிவிப்பு வந்த நேரம் நான் பஸ்ஸில் இருந்தேன்.

தியேட்டருக்குப் பிறகு வீடியோ டெக் வந்தது. 1980களின் நடுப்பகுதி. அக்கரைப்பற்றிலிருந்து ஒரு முஸ்லிம் அண்ணன், எங்கள் பேச்சில் காக்கா, டெக்கும் ரி.வி.யும் வாடகைக்கு விட்டார். பெயர் வேண்டாம், காக்கா என்றாலே அந்தக் காலத்தில் எங்களுக்கு அவர்தான். ரி.வி.யைப் போர்வையால் சுற்றி, மாட்டு வண்டிலில் வைக்கோல் பரப்பி, பிரசவத்துக்கு ஆளைக் கொண்டு போகிற கவனத்தோடு கொண்டு வருவோம். எங்கள் வளவுக்கு மின்சாரம் வராத நாட்கள். ஜெனரேட்டர் தனி வாடகை, அதற்கு எண்ணெய் தனிக் கணக்கு. ஓர் இரவுக்கு மூன்று படம். முதல் படம் சாமிப் படம், பெரியவர்களுக்கு. இரண்டாவது குடும்பப் படம். மூன்றாவது சண்டைப் படம். அதற்காகத்தான் பொடியன்கள் முதல் இரண்டையும் கண்ணைக் கசக்கிக்கொண்டு பொறுத்திருப்பார்கள்.

எண்ணெய் எப்போதும் இரண்டேமுக்கால் படத்துக்குத்தான் காணும். எத்தனை லீற்றர் ஊற்றினாலும் அப்படித்தான். ஜெனரேட்டர் முதலில் இருமும், பிறகு படம் சுருங்கி நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளியாகும், பிறகு தவளைச் சத்தம். இருட்டில் முப்பது பேர் பாயில் இருந்தபடி ஒரே கேள்வியைக் கேட்பார்கள். எனக்குத் தொழில் ஏற்கெனவே தெரியும். "வில்லனைப் பிடிச்சுப் பொலிசில குடுத்தாங்க" என்று சொல்லிவிட்டுப் பாயைச் சுருட்டுவேன்.

1990இல் யுத்தமும் தமிழ்-முஸ்லிம் கலவரமும் வந்தபிறகு தம்பிலுவிலுக்கும் அக்கரைப்பற்றுக்கும் நடுவில் பாதை மட்டும்தான் மிஞ்சியது. அதில் போகிறவர்கள் குறைந்தார்கள். இரண்டு பக்கமும் செத்தவர்களை எண்ணிக்கொண்டிருந்த காலத்தில் டெக்கைப் பற்றி யார் பேசுவது? இலங்கை வானொலியில் ஒலிச்சித்திரம் போகும், படத்தின் சத்தத்தை மட்டும் வெட்டிச் சுருக்கிப் போடுவார்கள். அடி விழும் சத்தம் கேட்கும். யாருக்கு விழுந்தது என்பதை நாங்களே முடிவு செய்துகொள்வோம்.

2002இல் யுத்த நிறுத்தம் வந்தது. பாதை திறந்தது. பாதை திறந்த மூன்றாம் மாதம் நான் சைக்கிளில் அக்கரைப்பற்றுக்குப் போனபோது, சந்தைக்குப் பக்கத்தில் ஒரு சிறிய சீடிக் கடையில் காக்கா இருந்தார். தாடி நரைத்திருந்தது. என்னைப் பார்த்து எழும்பவில்லை, கட்டிப்பிடிக்கவுமில்லை. "தம்பி, எண்பத்தொன்பதில எடுத்த கசட் ஒண்டு உங்கட வீட்ட நிக்கிது" என்றார். பன்னிரண்டு வருடத்தை அவர் அப்படித்தான் கடந்தார். நானும் அப்படியே கடந்தேன். வெளியே போய் இருவரும் பிளேன்ரீ குடித்தோம்.

இனித்தான் விஷயத்துக்கு வருகிறேன். ஹொலிவூட் 2010இல் கையிலெடுத்த வியாபார நுட்பம் ஒன்றை, 2003இல் அக்கரைப்பற்றில், இந்தக் காக்கா கண்டுபிடித்தார் என்பதை நான் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப்போவதில்லை.

வீசீடியில் ஒரு தட்டுக்கு ஒன்றேகால் மணித்தியாலம்தான் கொள்ளும். ஆகவே நீளமான தமிழ்ப் படம் மூன்று தட்டில் வரும். மூன்றையும் சேர்த்து ஓர் இரவுக்கு முப்பது ரூபாய் வாடகை என்பது ஊர் வழக்கம். ஒருநாள் காக்காவின் கடையில் புதிய அட்டை தொங்கியது. முதல் இரண்டு சீடி இருபது ரூபாய். மூன்றாவது, தனியாக, இருபது ரூபாய்.

"என்ன காக்கா இது அநியாயம்?"

"அநியாயம் ஒண்டுமில்ல தம்பி. படம் சரியில்லாட்டி உங்களுக்குப் பத்து ரூவா மிச்சம். நல்லாயிருந்தா பத்து ரூவா கூட. ஆருக்கு நட்டம்?"

பதில் சொல்ல முடியவில்லை. அந்த வருடத்து நியாயங்களில் இது எவ்வளவோ மேல்.

முதல் மாதம் அமோகம். விஜயகாந்தின் 'ரமணா' அப்போது கடையில் சுடச்சுட நின்றது. மூன்றாவது சீடிக்குக் கொப்பியில் பெயர் எழுதிப் பதிந்தார்கள். எங்கள் ஊரில் ஒரு பொடியன் அதை எடுத்து வந்து, தன் வீட்டுத் திண்ணையில் ஆளுக்கு இரண்டு ரூபாய் வாங்கி, முடிவை மட்டும் காட்டினான். அந்த ஒரு வாரம் அவனுக்குப் பிரதேச செயலாளருக்குரிய மரியாதை. நானும் இரண்டு ரூபாய் கொடுத்துத்தான் பார்த்தேன். வாழ்க்கையில் ஒழுங்காகப் பார்த்த முதல் முடிவுகளில் அது ஒன்று. தட்டு கை மாறி மாறிக் கீறல் விழுந்தது. சாரத்தால் துடைத்தார்கள், பற்பசை பூசிக் கழுவினார்கள். விஜயகாந்த் பேசப் பேச முகம் சதுரம் சதுரமாக உடைந்தது. அப்படியும் ஆட்கள் வந்தார்கள்.

பிறகு பெரிய எதிர்பார்ப்போடு 'பாபா' வந்தது. ரஜினி படம். 2002 ஓகஸ்டில் இந்தியாவில் வெளியாகி, விநியோகஸ்தர்களின் நட்டத்தை ரஜினியே ஈடு செய்ய வேண்டி வந்த படம். கதை தெரியாமல் காக்கா மூன்றாவது சீடிக்கு ஐந்து கொப்பி அடித்து வைத்தார். முதல் இரண்டும் நன்றாகப் போயின. மூன்றாவதை ஒருவரும் கேட்கவில்லை. ஐந்தும் கடையின் கண்ணாடிக்குள் முகம் பார்க்கலாம் போல மின்னிக்கொண்டிருந்தன. அன்றிலிருந்து ஒரு படம் எப்படி என்று நாங்கள் யாரிடமும் கேட்பதில்லை. கடைக்குப் போய் மூன்றாவது சீடியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்போம். கீறல் இருந்தால் எடுப்போம். பளபளப்பாக இருந்தால் வைத்துவிடுவோம். இதைவிட நேர்மையான வசூல் கணக்கை நான் பிற்பாடு எந்தப் பத்திரிகையிலும் பார்க்கவில்லை.

காக்காவின் திட்டத்தை முடித்துவைத்தது 'பாபா' இல்லை. ஆட்கள் பழகிவிட்டார்கள். ஒரு வீட்டார் மூன்றாவதை எடுத்தால் அடுத்த ஏழு வீட்டுக்கும் கதையைச் சொல்லிவிடுவார்கள். வருமானம் குறைய, காக்கா விலையை இருபத்தைந்தாக்கினார். "முடிவு தெரியாட்டி செத்தா போயிருவம்?" என்று ஒரு மாமி கடை வாசலில் நின்று கேட்டா. அந்தக் கேள்விக்கு அவரிடம் அட்டை இல்லை. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு எங்கள் பக்கத்தில் சீடியைப் பற்றி யாரும் பேசவில்லை. கடற்கரையோரத்தில் மண்ணுக்குள் புதைந்த தட்டுகள் கொஞ்சக் காலம் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தன.

இப்போது பெரிய ஊர்க் கதை. ஹரி பொட்டர் ஏழாவது புத்தகம் 2007இல் வந்தது. அதைப் படமாக்கும்போது தயாரிப்பாளர்கள் புத்தகம் தடிப்பாக இருக்கிறது, ஒரு படத்துக்குள் அடங்காது என்றார்கள். ஐந்தாவது புத்தகம் அதைவிடத் தடிப்பு. அது எப்படி ஒரு படத்துக்குள் அடங்கியது என்று நான் கேட்டால் என்னையும் அந்த மாமியையும் ஒரே பட்டியலில் சேர்ப்பார்கள். 2010 நவம்பரில் முதற் பாதி, 2011 ஜூலையில் மறுபாதி. முதற் பாதி 96 கோடி டொலருக்கு மேல், மறுபாதி 130 கோடிக்கும் மேல். கீறலோ கீறல். ஒரே படப்பிடிப்பு, அதே உடுப்பு, அதே மாளிகை, அதே நடிகர்கள். ஆனால் டிக்கட் இரண்டு. இதைக் கண்டபிறகு யார் சும்மா இருப்பார்கள்? 'ட்வைலைட்' கடைசிப் புத்தகத்தையும் 2011, 2012 என்று இரண்டாக அறுத்தார்கள். அதுவும் 71 கோடியளவிலிருந்து 82 கோடிக்கு மேலே ஏறியது.

'ஹங்கர் கேம்ஸ்' காரர்களுக்குத்தான் சூடு பட்டது. அவர்களுடைய இரண்டாவது படம் 2013இல் 86 கோடி டொலர் எடுத்திருந்தது. மூன்றாவது புத்தகத்தைப் பிரித்தார்கள். 2014இல் முதற் பாதி 75 கோடியளவு. 2015இல் கடைசிப் பாதி 65 கோடியளவு. வில்வித்தைக்காரியைப் பார்க்க வந்தவர்களை முதற் பாதி முழுக்க நிலவறைக்குள் இருத்திக் கூட்டம் போட்டுப் பேசவைத்தார்கள். கல்முனை பஸ் நிலையத்தில் இரண்டு மணித்தியாலம் இருந்தவனுக்கு அந்த அனுபவம் புதிதில்லை. ஆனால் நாங்கள் அதற்கு டிக்கட் எடுத்ததில்லை.

இவர்கள் எல்லோரையும்விட எனக்குப் பிடித்தது 'டைவர்ஜன்ட்' கதை. அதுவும் மூன்று புத்தகம், அதிலும் மூன்றாவதைப் பிரித்தார்கள். முதல் இரண்டு படமும் 28, 29 கோடி டொலர் எடுத்தன. 2016இல் மூன்றாவதன் முதற் பாதி 18 கோடியைக்கூடத் தொடவில்லை. மறுபாதியைத் தொலைக்காட்சிக்குக் கொடுக்கிறோம் என்றார்கள். பிறகு அதுவும் இல்லை என்றார்கள். முடிவு எடுக்கப்படவே இல்லை. எங்கள் ஊரில் சீட்டுப் பிடிக்கிற பெண்கள் உண்டு. இருபது பேர் மாதாமாதம் காசு கட்டுவார்கள், மாதம் ஒருவருக்குச் சீட்டு விழும். கடைசிச் சீட்டுக்காரர் மிகப் பொறுமைசாலி, பத்தொன்பது மாதம் கட்டிக் காத்திருப்பவர். அந்த இருபதாம் மாதம் பார்த்துச் சீட்டுக்காரி தங்கச்சி வீட்டுக்கென்று மட்டக்களப்புக்குப் போய்விட்டால் எப்படியோ, அப்படி உலகம் முழுக்கச் சில இலட்சம் பிள்ளைகள் முடிவில்லாமல் நிற்கிறார்கள். யாராவது அவர்களுக்கு வில்லனைப் பொலிசில் கொடுத்ததாகச் சொல்லியிருக்கலாம்.

டொம் குரூஸ் இதைவிடக் கெட்டிக்காரர். 2023இல் வந்த 'மிஷன் இம்பொசிபிள்' படத்தின் பெயரோடு 'முதற் பாகம்' என்ற வால் இருந்தது. எதிர்பார்த்த வசூல் வரவில்லை. பிறகு வாலை நறுக்கிவிட்டார்கள். 2025இல் அடுத்தது வேறு பெயரில் வந்தது. காக்காவும் இறுதியில் அட்டையைத்தான் கழற்றினார்.

எங்கள் ஆட்களும் குறைந்தவர்கள் அல்ல. 2015 ஜூலையில் 'பாகுபலி' ஒரு கேள்வியோடு நிறுத்தப்பட்டது. கட்டப்பா ஏன் குத்தினான்? இரண்டு வருடம் எங்கள் பக்கத்துக் கடைகளில் வேறு பேச்சில்லை. தேர்தல் வந்தது, அதையும் ஒரு பக்கம் தள்ளிவிட்டுச் சலூனில் கட்டப்பா. 2017 ஏப்ரலில் பதில் வந்தது. முதற் படம் 600 கோடி இந்திய ரூபாய்க்கு மேல் எடுத்ததென்றார்கள். பதில் 1,700 கோடிக்கு மேல். இதை நான் களவென்று சொல்லமாட்டேன். சேனாதிபதி போன்ற விசுவாசி ஒருவன் பெற்ற பிள்ளைபோல் வளர்த்தவனை முதுகில் குத்தினால், அதற்குக் காரணம் கேட்க ஒருவனுக்கு உரிமை உண்டு, அந்தக் காரணத்துக்கு ஒரு டிக்கட் விலையும் உண்டு. முதற் பாகம் எங்களிடம் கடன் வைத்தது. இரண்டாம் பாகம் வட்டியோடு தீர்த்தது. மற்றவர்கள் அந்த வட்டியை மட்டும் பார்த்தார்கள். அல்லு அர்ஜுனின் 'புஷ்பா' ஒரு படமாகத் தொடங்கி இரண்டானது, அதற்கும் வாய்த்தது. வெற்றிமாறனின் 'விடுதலை' ஜெயமோகனின் 'துணைவன்' என்ற சிறுகதையில் தொடங்கியது; சிறுகதை இரண்டு படமாகியது, 2023, 2024. 'இந்தியன் 2' 2024 ஜூலையில் வந்தது, முடிவில் மூன்றாம் பாகத்தின் முன்னோட்டத்தைக் காட்டினார்கள். பார்த்துவிட்டு வெளியே வந்த என் மருமகன், "மாமா, இது முன்னோட்டமா, எச்சரிக்கையா?" என்றான்.

'பொன்னியின் செல்வன்' எங்கள் வீட்டில் வேறு வழக்கு. அம்மா அந்தக் கதையை இளவயதில் படித்தவ. கல்கி 1950 முதல் 1954 வரை வாரா வாரம் எழுதினார். அதைக் கிழித்துச் சேர்த்துக் கட்டிய தொகுதிகள் ஊருக்குள் வீடு மாறி வீடு போகும். கிடைக்கிற ஒழுங்கில்தான் படிக்கலாம். அம்மா 'சுழற்காற்று' முதலில், பிறகு 'மணிமகுடம்', அதன்பிறகே 'புது வெள்ளம்' படித்தா. வந்தியத்தேவன் அவவுக்குப் பின்பக்கமாக நடந்து வீராணம் ஏரிக்கரைக்கு வந்து சேர்ந்தான். 'தியாகச் சிகரம்' கிடைத்தபோது கடைசி இருபது பக்கத்தைக் கறையான் தின்றிருந்தது. அப்பா அதற்கும் ஒரு முடிவு சொல்லியிருக்கிறார். சோழர் காலத்தில் பொலிஸ் இல்லாததால் "சிறையில போட்டாங்க" என்று மாற்றிக்கொண்டார்.

கல்கி முடித்தபோதே வாசகர்களுக்குத் திருப்தி இல்லை. திடீரென்று முடித்துவிட்டீர்கள், இன்னாருக்கு என்ன நடந்தது, இன்னார் என்ன ஆனார் என்று கேட்டார்கள். அவர் முடிவுரையில் அதற்கெல்லாம் சமாதானம் எழுதவேண்டி வந்தது. மூன்றரை வருடம் நடந்த தொடருக்கு அந்தக் கோபம். மணிரத்னம் ஏழு மாத இடைவெளியில் முடித்துவிட்டார். 1958இலேயே படமாக்க ஆசைப்பட்ட எம்.ஜி.ஆருக்கு வாய்க்காதது.

முதற் பாகம் 2022 செப்டெம்பர் 30. நாட்டில் எண்ணெய் இல்லை, கியூஆர் அட்டைக்கு வாராவாரம் அளந்து ஊற்றிக்கொண்டிருந்தார்கள். மட்டக்களப்புத் தியேட்டருக்குப் போய்வர நூற்றைம்பது கிலோமீற்றர். இரண்டு வாரம் வான்காரர் ஓடாமல் சேமித்தார். பதினாலு பேர் ஏறினோம், கச்சான் பொதியும் தண்ணீர்ப் போத்தலும் அம்மாவின் மூட்டுவலித் தைலமுமாக. ஜெனரேட்டருக்கு எண்ணெய் சேர்த்த அதே கைகள், அதே கணக்கு. படம் நடுக்கடலில் முடிந்தது. யாரும் எழும்பவில்லை. நாங்கள் பழக்கதோஷத்தில் கரண்ட் போய்விட்டதென்று நினைத்தோம்.

2023 ஏப்ரல் 28இல் இரண்டாம் பாகம் வந்தபோது அதே வானில் ஆறு பேர். மற்றவர்கள் "போனில வரட்டும்" என்றார்கள். பெரிய கணக்கும் எங்கள் வான் கணக்கைப் போலத்தான் இருந்தது. முதற் பாகம் 500 கோடி இந்திய ரூபாயை நெருங்கியதென்றும், இரண்டாவது 400ஐத் தொடவில்லையென்றும் எழுதினார்கள். 'பாகுபலி'யில் ஏறியது இங்கே ஏன் இறங்கியது? எல்லோருக்கும் முடிவு தெரிந்த கதை, அதனால் என்று மருமகன் சொன்னான். அம்மா வான் முழுக்க ஒரே விஷயத்தைத்தான் கேட்டுக்கொண்டு வந்தா.

"சேந்தன் அமுதனுக்கு முடி சூட்டல்லியே மனே. மணிமேகலை எங்க? அந்தப் பிள்ளையை எங்க கொண்டு போய் வெச்சாங்க?"

இரண்டு படம், ஐந்தரை மணித்தியாலம், அப்படியும் அம்மாவுக்கு மூன்றாவது சீடி கிடைக்கவில்லை.

மருமகனின் விளக்கத்தை நான் ஏற்கவில்லை, காரணம் எங்கள் கோயில். வைகாசியில் தம்பிலுவில் கண்ணகி அம்மன் கோயில் கதவு திறப்பார்கள். அன்றிலிருந்து இரவிரவாக உடுக்கோடு 'கண்ணகி வழக்குரை' படிப்பார்கள். கடலோட்டு காதை, அடைக்கலக் காதை, கொலைக்களக் காதை என்று தவணை தவணையாகப் போகும். ஊரில் கைக்குழந்தையைத் தவிர எல்லோருக்கும் முடிவு தெரியும். சிலம்பு உடையும், மதுரை எரியும், அம்மாள் குளிருவா. மூன்றாம் நாள் இரவு போய்ப் பாருங்கள், நான்கு கிழவர்களும் ஒரு நாயும் இருப்பார்கள். கடைசி இரவு திருக்குளிர்த்திக்கு வீதியில் கால் வைக்க இடமில்லை. விநாயகபுரம், தாண்டியடி, கோமாரியிலிருந்தும் வருவார்கள், கொழும்பில் வேலை செய்கிறவர்கள் லீவு போட்டு வருவார்கள். பாண்டிருப்பில் திரௌபதை அம்மன் கோயிலில் பதினெட்டு நாள் பாரதம் நடக்கும். அங்கும் இப்படித்தான், தீமிதிப்பு அன்று கல்முனைப் பாதை அசையாது. தெரிந்த முடிவுக்கு இவ்வளவு கூட்டம். அதற்கு டிக்கட் இல்லை என்று சொல்லாதீர்கள். நேர்த்திக்கடன் கட்டிப் பார்த்தவர்களுக்கு விலை தெரியும்.

இன்னொன்றும் உண்டு. இளங்கோவடிகள் சிலப்பதிகாரத்தை மூன்று காண்டமாக எழுதினார்: புகார், மதுரை, வஞ்சி. மூன்றாவதில் சேரன் செங்குட்டுவன் இமயம்வரை போய்க் கல் எடுத்து வருகிறான். அதோடு நில்லாமல் அடுத்த தலைமுறைக்கு மாதவியின் மகளை வைத்து மணிமேகலையும் வந்தது, அது வேறு புலவர். எங்கள் வழக்குரையில் சேரனின் படையெடுப்புக்கு இடமில்லை. அம்மாள் குளிர்ந்ததும் கதவைச் சாத்திவிடுவார்கள். கோபம் ஆறிய பிறகு ஓர் அரசன் வடக்கே போனதைப் பாடி ஆட்களை விடியும்வரை இருத்த முடியாது என்பதை, வசூலைப் பற்றி ஒன்றுமே தெரியாத எங்கள் முன்னோர் எப்படியோ அறிந்திருந்தார்கள். குளிர்த்தித் தண்ணீர் முகத்தில் தெளிக்கப்படுகிறது, வீட்டுக்குப் போகிறோம். பிறகு வெயிலும் வருத்தமும் வந்தால் அடுத்த வைகாசி இருக்கிறது. இதை முன்னோட்டம் போட்டுக் காட்டவேண்டியதில்லை.

போன மாதம் அலுவலாக அக்கரைப்பற்றுக்குப் போனேன். சீடிக் கடை இருந்த இடத்தில் காக்காவின் மகன் போன் கடை வைத்திருக்கிறான். ரீலோட், கவர், கண்ணாடி ஒட்டுதல். காக்கா வாசலில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். கண் சரியில்லை, குரலில் பிடித்துவிட்டார். எண்பத்தொன்பதாம் ஆண்டுக் கசட்டை இன்னும் மறக்கவில்லை. பழைய அட்டையைப் பற்றிச் சிரித்துப் பேசினோம். பேரன் ஒருவன் பக்கத்தில் நின்று போனில் ஏதோ தொடர் பார்த்துக்கொண்டிருந்தான். எட்டுப் பாகம் ஒரே மூச்சில், விரலால் தள்ளித் தள்ளி.

"அந்தக் காலத்தில மூண்டாவது சீடியெல்லாம் முதல்ல பார்த்த ஆள் நீங்கதானே காக்கா" என்றேன்.

"நான் எங்க தம்பி பார்த்த? நல்ல படமெண்டா மூண்டாவது கடையில நிக்கிறல்ல. நிக்கிற சீடியப் பார்க்க எனக்கு மனமில்ல." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு என் பக்கம் சாய்ந்தார். "அந்த விஜயகாந்த் படம், ரமணா. என்ன மாதிரி ஓடின படம்! ரெண்டு சீடி பார்த்து வெச்சிருக்கன். கடைசில என்ன நடந்த?"

சந்தியில் பொத்துவில் பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு திரும்பியது. நான் எழும்பினேன்.

"பிடிச்சுப் பொலிசில குடுத்தாங்க காக்கா."

"ஆர? வில்லனையா?"

"பஸ் வந்திட்டு" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.